பொன் கடதாசி

அன்று அந்தக் கீழ்வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: பெரிய டீச்சர். பத்தொன்பது பிள்ளைகள், இருபதாவது பிள்ளைக்கு அம்மை போட்டிருந்ததால் வரவில்லை. தாய்மார் பதினோரு பேர், தகப்பன்மார் மூன்று பேர். மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்காரச் சீன அம்மா. பிறகு, கறுப்புக் கைலியைத் தலையோடு போர்த்தி, முகத்தில் கரி பூசி, கதவுக்குப் பின்னால் அரக்கியாக நின்றுகொண்டிருந்த நான். மாடியில் நோயோடு படுத்திருந்த வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் எதையும் பார்க்கவில்லை. ஆனால் நடந்ததெல்லாம் அவரை வைத்துத்தான் நடந்தது.

பினாங்கு டவுனில், பெருநிலத்துக்கும் தீவுக்கும் நடுவே கடலில் பாலம் கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பெரிய டீச்சர் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்துப் பாலர் பள்ளி நடத்தினார். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். டீச்சர் பிறந்தது, படித்தது, நரைத்தது எல்லாம் பினாங்கில்தான். பேச்சு மட்டும் யாழ்ப்பாணத்தை விட்டு இறங்கியதே இல்லை. நான் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்துவிட்டு, ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் அக்கா வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். பள்ளியில் என் வேலை கூட்டுவது, மைலோ கலக்குவது, மூக்குத் துடைப்பது, கால் கழுவிவிடுவது. ஆயா வேலை.

கதை சொல்வது என் வேலை இல்லை. ஒரு மழை நாளில் இடி பயங்கரமாக இடித்து, பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதபோது, வேறு வழி தெரியாமல் தொடங்கினேன். நான் சொன்னது ஓர் அரக்கி கதை. ஒரு ஊரில் ஓர் அரக்கி ராஜா வீட்டுப் பிள்ளையை மட்டும் தூக்கிப்போக வருவாள். ராஜா யோசித்தார். ஊரில் இருக்கிற எல்லாப் பிள்ளைகள் தலையிலும் ஒரே மாதிரி கிரீடத்தை வைத்துவிட்டார். வந்த அரக்கிக்கு எது ராஜா பிள்ளை, எது சலவைக்காரர் பிள்ளை என்று தெரியவில்லை. குழம்பிப்போய், வெட்கப்பட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். அவ்வளவுதான். கதை கேட்கும்போது "ம்" கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். பத்தொன்பது இருபது பிள்ளைகள் ஒரே குரலில் "ம்" என்றால் இடிச்சத்தமே கேட்காது.

பெரிய டீச்சர் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். முடிந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"பிள்ளை, அரக்கியைச் சாக்காட்டாமல் கதையை முடிக்கிறதோ?"

"ராத்திரி பயந்துக்குவாங்க டீச்சர். படுக்கையில ஒண்ணுக்குப் போயிடுவாங்க."

"நீதான் பயப்பிடுறாய். பிள்ளையளுக்கு ஆரையெண்டாலும் கொல்ல வேணும். அப்பதான் நிம்மதியாய் நித்திரை கொள்ளுங்கள்."

ஆனால் கதை பிடித்துவிட்டது, அவருக்கும். விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது தாய் தகப்பன்மாரெல்லாம் வருவார்கள், அன்றைக்கு இதையே நடித்துக் காட்டுவோம் என்றார். "அவையளுக்குப் பிடிச்சுதெண்டால், தை மாசத்திலிருந்து உன்னைக் கதை டீச்சர் எண்டு போடுறன். பிறகு நீ கூட்டத் தேவையில்லை."

அந்தச் சொல் என்னை என்ன செய்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. வீட்டில் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், எனக்குக் கடலுக்கு அக்கரையில் மாக் மண்டின் தொழிற்சாலையில் ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார். அவரும் அங்கேதான் தகரம் வெட்டும் பகுதியில் வேலை செய்தார். "வருஷக் கடைசி வரைக்கும் பாரு லா. அதுக்கப்புறம் ஃபேக்டரிதான். மூக்குத் துடைச்சி எவ பொழைச்சா?" என்றார். ஒருமுறை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அங்கே ஒரு பெண்ணின் கையைப் பார்த்தேன். இரண்டு விரல் பாதியில் நின்றது. அவள் அந்தக் கையாலேயே சோறு பிசைந்து தின்றுகொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் விழித்ததும் முதலில் என் விரல்களைத்தான் பார்த்தேன். ஆகவே, விஜயதசமி எனக்குச் சரஸ்வதி பூசை இல்லை. டீச்சரா, தகரமா என்பதுதான்.

கிரீடம் செய்ய மணிலா அட்டை பள்ளியிலேயே இருந்தது. மேலே ஒட்டப் பளபளப்பாக ஒன்று வேண்டும். பெரிய டீச்சர் பணப்பையைத் திறந்து, இரண்டு வெள்ளிப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

"பொன் கடதாசி வாங்கி வா."

எங்கள் பக்கத்தில் கடுதாசி என்றால் தபாலில் வருவது. யாருக்குக் கடுதாசி, அதை எதற்குப் பொன்னில் எழுத வேண்டும் என்று நான் நின்றேன்.

"என்ன முழிக்கிறாய்? கடதாசி, கடதாசி. தாள். மின்னுற தாள்! சந்தி முனையிலை சீனன்ரை கடையிலை கேள்."

புத்தகக் கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர் சொன்னது சந்தி முனைக் கடை. அங்கே போய் முதலாளியிடம் எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். "தவுக்கே, கெர்த்தாஸ் எமாஸ் அடா?" பொன்னுக்கு எமாஸ், தாளுக்கு கெர்த்தாஸ். சரியாகத்தான் கேட்டேன். அவர் தலையாட்டினார். "செம்பாயாங் கா?" என்றார். சாமி கும்பிடவா என்கிறார். பூசை நாளுக்குத்தானே. "ஆமாம், செம்பாயாங்" என்றேன். அவர் மூங்கில் நாரால் கட்டின ஒரு கட்டை எடுத்துப் போட்டார். நடுவில் சதுரம் சதுரமாகப் பொன் ரேக்கு. ஒரு வெள்ளி இருபது காசுதான் ஆயிற்று. மிச்சக் காசைத் திருப்பிக் கொடுத்தால் டீச்சர் சந்தோஷப்படுவார் என்று ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

பிரித்தபோதுதான் சில தாள்களில் சிவப்பு முத்திரை இருந்தது தெரிந்தது. தாள் சொரசொரப்பாக, வைக்கோல் நிறத்தில் இருந்தது. சீனர்கள் நடைபாதை ஓரத்தில் தகர டின்னில் போட்டு எரிப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். கிட்டே போய்ப் பார்த்ததில்லை.

"டீச்சர், இது சீனவங்க கொளுத்துற தாள் மாதிரி இருக்கே. வேற வாங்கட்டா?"

அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஆர் கொளுத்தினால் எங்களுக்கென்ன? நல்ல வடிவாய் மின்னுது. பசையைக் காய்ச்சு."

"சொவப்பு முத்திரை இருக்கு டீச்சர்."

"வெட்டிப் போடு. எப்ப பார்த்தாலும் ஒரு பயம் உனக்கு."

வெட்டிப் போட்டேன். கோதுமை மாவுப் பசை காய்ச்சி, ஒவ்வொரு கிரீடத்துக்கும் ஐந்து முனை வைத்து, முனைக்கு ஒரு பொன் சதுரம் ஒட்டினேன். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து தடவிக்கொடுத்தார்கள். பொன் அவர்கள் விரலில் ஒட்டிக்கொண்டது. வாயில் வைத்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு கையாகத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு சிறுமி, எப்போதும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிபவள், "கதையக்கா, இது போட்டா அரக்கி நெஜமா வரமாட்டாளா?" என்று கேட்டாள். வரவே மாட்டாள் என்றேன்.

விஜயதசமி காலை. அரிசியில் அ எழுதி முடிந்தது. சுண்டல் கொடுத்து முடிந்தது. தாய்மார் நாற்காலியில், தகப்பன்மார் சுவரோரம். தபால் ஆபீசில் வேலை செய்யும் ஒரு தகப்பன் வந்ததிலிருந்து ஏதாவது கேலி பேசிக்கொண்டே இருந்தார். கிரீடம் வைத்த பத்தொன்பது பிள்ளைகளும் வரிசையாக வந்து நின்றபோது, "அய்யோ, என்னா அழகு!" என்று தாய்மார் கைதட்டினார்கள். கதவிடுக்கில் அதைப் பார்த்தபோது, கரி பூசின முகத்தோடு நான் அழுதுவிட்டேன். டீச்சர் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரச் சீன அம்மா மாடியிலிருந்து இறங்கினார். வருஷா வருஷம் பூசைக்கு ஒரு தட்டில் ஆரஞ்சு கொண்டுவருவாராம். கடைசிப் படியில் நின்றார். தட்டு சாய்ந்தது. ஆரஞ்சுகள் பிள்ளைகளின் கால்களுக்கு நடுவே உருண்டன.

"மாத்தி பூஞா!" என்று கத்தினார். "ஓராங் மாத்தி பூஞா!"

மலாய் தெரிந்த எல்லாருக்கும் விளங்கியது. செத்தவர்களுடையது. செத்தவர்களுக்கு எரித்து அனுப்புகிற தாள். பொன் ரேக்கோடு அந்த உலகத்துக்குப் போகிற பணம். மேலே அவருடைய கணவர் மூச்சு வாங்கப் படுத்திருக்க, கீழே அதைத் தலையில் வைத்துக்கொண்டு பத்தொன்பது குழந்தைகள் வரிசையாக நிற்கிறார்கள். அவர் ஓடிவந்து முன்னால் நின்ற பிள்ளையின் தலையிலிருந்து பிடுங்கினார். அட்டையை இறுக்கியிருந்த ஊசி முடியோடு வந்தது. அந்தப் பிள்ளை அலறியது. அதைப் பார்த்து மற்றதெல்லாம் அலறின. அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனார், அழுதுகொண்டே, "சுவே, சுவே" என்று சொல்லிக்கொண்டே. சீனர்கள் துரதிர்ஷ்டத்துக்குச் சொல்லும் சொல் அது.

ஒரு தாய் எழுந்தாள். "எம் புள்ள தலையிலயா பொணத்துக் காச வெச்சீங்க? யாரு வாங்குனது?"

பெரிய டீச்சர் வீட்டுக்கார அம்மாவைப் பார்த்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். இந்த வீடு போனால் டவுனில் இந்த வாடகைக்கு இன்னொன்று கிடைக்காது. அது எனக்கும் தெரியும். பிறகு கதவுப் பக்கம் கையை நீட்டினார்.

"ஆயா! இங்கை வா."

கைலியோடு, கரியோடு போய் நின்றேன்.

"ஆர் வாங்கினது?"

"நாந்தான் டீச்சர். நீங்க பொன் கடதாசின்னு... நான் கேட்டேனே டீச்சர், இது கொளுத்துற தாள் மாதிரி இருக்குன்னு..."

"எப்ப கேட்டனீ? நீ ஒரு நாளைக்கு நூறு விசயம் கேக்கிறனீ. கத்தரிக்கோல் குத்தும், பசை வாயிலை போகும், பல்லி தலையிலை விழும், மழை வந்தால் கூரை விழும். எதுக்கெண்டு நான் காது குடுக்கிறது?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அப்படித்தான் என்று எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். ஒவ்வொரு சாயங்காலமும் வாசலில் பிள்ளையைக் கொடுக்கும்போது ஏதாவது ஒரு பயத்தையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

தபால் ஆபீஸ்காரர் சொன்னார்: "டீச்சர், ஆயா வேஷம் கட்டல லா. நெஜ அரக்கியேதான் வந்திருக்கா."

அந்தச் சிரிப்பில் பிள்ளைகளின் அழுகை கொஞ்சம் குறைந்தது. பெரிய டீச்சர் அதைக் கவனித்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளோடு இருந்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தரையில் கிடந்த ஒரு கிரீடத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "வை" என்றார். நான் தலையில் வைத்துக்கொண்டேன். ஏன் வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், அவர் வை என்றார், அதனால்.

"பிள்ளையள், அழாமல் கேளுங்கோ. ஒரு ஊரிலை ஒரு மொக்கு ஆயா இருந்தாளாம்."

"ம்," என்றன பிள்ளைகள்.

விக்கிக்கொண்டே சொன்னார்கள். ஆனால் எல்லாரும் சொன்னார்கள்.

"அவளுக்கு எழுதவும் தெரியாதாம், வாசிக்கவும் தெரியாதாம்."

"ம்."

"பிள்ளையளுக்கு விளையாட ஏதும் வாங்கி வா எண்டு காசு குடுத்தால், செத்த ஆக்களின்ரை சாமானை வாங்கிக்கொண்டு வந்தாளாம்."

"ம்."

"ஏன் வாங்கினனீ எண்டு கேட்டால், முழியைப் பிரட்டிக்கொண்டு நிண்டாளாம்."

"இப்படியா டீச்சர்?" ஒரு பயல் கண்ணை உருட்டிக் காட்டினான். இப்போது பிள்ளைகளும் சிரித்தார்கள். கன்னத்தில் கண்ணீர் காயாமலேயே சிரித்தார்கள்.

"அப்ப ராசா வந்தாராம். இவளை என்ன செய்யலாம் எண்டு கேட்டாராம். என்ன செய்யலாம்?"

"அடி!" "கைய வெட்டு!" "கடல்ல போடு!" என்று குரல்கள் வந்தன. என் முந்தானையைப் பிடித்துத் திரியும் அந்தச் சிறுமி கைதூக்கினாள். டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிடும்வரை காத்திருந்து, எழுந்து நின்று, தெளிவாகச் சொன்னாள்: "கொளுத்திடலாம் டீச்சர்."

"கெட்டிக்காரி," என்றார் பெரிய டீச்சர். "ஆனால் ராசா நல்லவர். துரத்தி மட்டும் விட்டாராம்."

"ம்."

"அவள் போனாப்பிறகு ஊரிலை எல்லாரும் நல்லாய் இருந்தினமாம். கதை முடிஞ்சுது. கை தட்டுங்கோ."

பிள்ளைகள் தட்டினார்கள். தாய்மாரில் சிலரும் தட்டினார்கள். வீட்டுக்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என்னைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்ன என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். என் தலையிலிருந்த கிரீடத்தை மட்டும் அவர் பிடுங்கவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்பதுபோலப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனார்.

நான் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினேன். கரி சீக்கிரம் போகவில்லை. வெளியே தாய்மார் பிள்ளைகளின் தலைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்திலும் என் மனசு போன இடத்தைச் சொல்கிறேன்: ஈரத் தலையோடு வெயிலில் போனால் சளி பிடிக்குமே, யாராவது துவட்டிவிடுகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். பெரிய டீச்சர் பார்த்துவிட்டார்.

"இன்னும் நிக்கிறியோ?"

அவ்வளவுதான் அவர் சொன்னது. போ என்றுகூடச் சொல்லவில்லை. அக்காவிடம் அன்று எதுவும் சொல்லவில்லை. மாமாவே கண்டுபிடித்து, "நல்லதாப் போச்சு, திங்கக்கெழமை என்கூட ஃபெரிக்கு வா" என்றார்.

பிறகு வந்த நாள்களில் என் பயமெல்லாம் மாடியில் இருந்தவர்மேல் போய் உட்கார்ந்தது. அவர் செத்துப்போனால் என்னால் என்றுதான் சொல்வார்கள். வேலை முடிந்து ஃபெரித் துறையில் இறங்கியதும் பஸ் ஏறாமல் சுற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாக நடப்பேன். வாசலில் சாவு வீட்டு வெள்ளைத் துணி கட்டியிருக்கிறதா, விளக்கு தொங்குகிறதா என்று தூரத்திலிருந்தே பார்ப்பேன். ஒரு நாள் வாசலில் பிரம்பு நாற்காலி போட்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். உள் பனியன், மெலிந்த கால்கள், கையில் காப்பிக் குவளை. அவர்தான். என்னைப் பார்த்ததும் யாரோ என்று நினைத்துத் தலையசைத்தார். நன்றாகத் தேறிவிட்டார். அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த நாற்காலியில் அவரைப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தைரியத்தில்தான் உள்ளே போய் என் சம்பளத்தைக் கேட்டேன். விஜயதசமி வந்த மாதம் முழுச் சம்பளமும், தொண்ணூறு வெள்ளி, பாக்கி. பெரிய டீச்சர் இரும்புக் கதவைத் திறக்காமல் கம்பிக்குள்ளிருந்து பேசினார்.

"வாசலுக்குச் சிவப்புத் துணி, அந்த மனிசிக்குச் சிவப்பு உறையிலை அங் பாவ் காசு, கோயிலிலையிருந்து ஆளைக் கூட்டி வந்து தோசம் போகக் கழிப்புக் கழிச்சது, எல்லாம் ஆர் குடுத்தது? நானோ?"

"ஐயா நல்லாயிட்டாரே டீச்சர். வாசல்ல ஒக்காந்து காப்பி குடிக்கிறாரு."

"கழிப்புக் கழிச்சபடியால்தான் நல்லாயிட்டார்."

கம்பி வழியாக முப்பது வெள்ளியை நீட்டினார். மிச்சத்துக்குத் தீபாவளி கழித்து வா என்றார். தீபாவளி கழித்துப் போனேன். பள்ளி லீவு முடிய வா என்றார். லீவு முடிந்து போனபோது, உள்ளே புதுப் பெண் ஒருத்தி கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரலுக்கு நடுவே பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து "ம்" கொட்டும் சத்தம் தெரு வரைக்கும் வந்தது. அவள் கதையில் அரக்கி செத்தாளா என்று கேட்க நான் நிற்கவில்லை. ஃபெரிக்கு நேரமாகிவிட்டது, தாமதமாகப் போனால் தகரப் பகுதியில் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள்.

பெரிய டீச்சர் காலமாகிவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பேப்பரில் படத்தோடு போட்டிருந்ததாம். எனக்கு வர வேண்டியது இன்னும் அறுபது வெள்ளி.